ஆசிட் கைக்குப் பழகாது

போன ஜூன் மாதம் சென்னையிலிருந்து ஒரு நண்பர் ஊருக்கு வந்திருந்தார். நல்ல வாசகர், கவிதையும் எழுதுவார். நாஞ்சில் நாட்டைப் பார்க்கணும் என்றார். சுசீந்திரம், பூதப்பாண்டி வயல்வெளி எல்லாம் காட்டிவிட்டு, குலசேகரம் பக்கம் என் சித்தப்பா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். விடிகாலை, சாரல், ரப்பர் மரங்களுக்கு நடுவே பனிமூட்டம். மனுசன் சொக்கிப் போய்விட்டார். நாற்பது ஐம்பது படம் எடுத்தார். அதில் ஒன்றை மாலையிலேயே போட்டு, 'மலையின் பால்' என்று கீழே எழுதியும் விட்டார். நல்ல படம். ஷீட் அடிக்கும் ஷெட்டின் வாசல், உள்ளே அலுமினியத் தட்டுகளில் வெள்ளை வெளேரென்று பால், ஒரு கீற்று வெளிச்சம்.

அந்தப் படத்தின் இடது ஓரத்தில், பலகையின் மேல், ஒரு குளிர்பான பாட்டில் இருக்கிறது. லேபிள் பாதி கிழிந்த ஒன்றரை லிட்டர் பாட்டில். உள்ளே தண்ணீர் மாதிரி ஏதோ. முந்நூறு பேர் லைக் போட்ட அந்தப் படத்தில் அந்த பாட்டிலை ஒருத்தரும் பார்க்கவில்லை. அது தண்ணீர் இல்லை. 85 சதவீத ஃபார்மிக் அமிலம். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் வெறும் 'ஆசிட்'.

இந்தக் கட்டுரை அந்த பாட்டிலைப் பற்றியது. அதைப் பார்க்காத நம் கண்களைப் பற்றியதும்கூட.

*

முதலில் ஒரு விஷயம். நாஞ்சில் நாடு என்று இலக்கியத்தில் நாம் வாசிப்பது பெரும்பாலும் கிழக்கே உள்ள தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களின் நெல்வயல் நாடு. ரப்பர் இருப்பது மேற்கே, கல்குளம், விளவங்கோடு, திருவட்டாறு பக்கத்து மலையோரத்தில். 1956 நவம்பர் 1-ஆம் தேதி திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்த மாவட்டம் இது. ஆனால் ரப்பர் கணக்கில் இன்றைக்கும் நாங்கள் கேரளத்தோடுதான். இந்தியாவின் பாரம்பரிய ரப்பர் பகுதி எது என்று கேட்டால் கேரளமும் கன்னியாகுமரி மாவட்டமும் என்றுதான் சொல்வார்கள். 1947 ரப்பர் சட்டத்தின்கீழ் இயங்கும் ரப்பர் வாரியம் இருப்பது கோட்டயத்தில். கீரிப்பாறை, சிற்றாறு, மயிலார், கோதையாறு என்று மலைப்பக்கம் இருப்பவை 1984-ல் தொடங்கிய அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள். மிச்சமெல்லாம் அரை ஏக்கர், ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கர் வைத்திருக்கும் என் சித்தப்பா மாதிரி ஆட்களின் விளைகள்.

ரப்பரைப் பற்றி இலக்கியம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஜெயமோகனின் முதல் நாவலே 'ரப்பர்'தான், 1990-ல் வந்தது. நான் சொல்வது இன்றைக்கு நாம், என் வயதுக்காரர்கள், இணையத்தில் எழுதிக் குவிக்கிற 'மலையோரக் கட்டுரை'களைப் பற்றி. மழை வரும், மரச்சீனி வரும், பாட்டி வருவாள், மண்வாசம் வரும். ஷெட்டுக்குள் போனால் மூக்கைத் துளைக்கிற வாசம் மட்டும் வராது. நானும் அப்படி நாலு கட்டுரை எழுதியவன்தான். அதனால் இந்த வசவில் எனக்கும் பங்கு உண்டு.

*

மரத்தில் வெட்டி எடுக்கிற பாலில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் அதற்குக் கொஞ்சம் கூடுதலாக, ரப்பர். மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். ரப்பர் துகள்களைச் சுற்றிப் புரதம் படிந்திருக்கும். அதில் எதிர்மின்னூட்டம் இருக்கும். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால் பால் பாலாகவே நிற்கிறது. அமிலம் சேர்த்து அதன் பிஹெச் அளவை ஐந்துக்கு அருகில் இறக்கினால் அந்த மின்னூட்டம் போய்விடும், துகள்கள் ஒட்டிக்கொள்ளும், பால் உறையும். தயிர் உறைவதும் ஏறத்தாழ இதே கதைதான்.

விடியும் முன்னே தலையில் லைட் கட்டிக்கொண்டு வெட்டப் போகிறவர், ஒன்பது பத்து மணிக்குச் சிரட்டைகளில் இருந்து பாலை வாளியில் சேர்த்து எடுத்து வருவார். வடிகட்டி, தண்ணீர் சேர்த்து, தட்டுகளில் ஊற்றி, அதில் கலக்கிய ஆசிட்டை விட்டு, நுரையை வழித்து எடுத்துவிட்டால் மறுநாள் காலையில் பன்னீர்க் கட்டி மாதிரி உறைந்திருக்கும். அதை உருளையில் கொடுத்து ஷீட் அடித்து, கழுவி, காயப்போட்டு, புகை போட்டால் கடைக்கு ரெடி.

இதற்கு ஃபார்மிக் அமிலம் நல்லது என்பதில் சந்தேகமே இல்லை. கந்தக அமிலம் விலை குறைவு. ஆனால் ரப்பரில் தங்கி அதன் தரத்தைக் கெடுக்கும், தட்டையும் உருளையையும் அரிக்கும். ஃபார்மிக் அமிலம் ஆவியாகிப் போய்விடும், ஷீட் சுத்தமாக வரும். ரப்பர் வாரியம் இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் இந்த வேதிப்பொருளைத் தடை செய்யச் சொல்லி எழுதவில்லை. இது இல்லாமல் எங்கள் ஊர் அடுப்பு எரியாது.

ஆனால் தட்டில் விட வேண்டியது அரை சதவீதக் கரைசல். 85 சதவீத ஆசிட்டில் சுமார் 5 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்தால் அது கிடைக்கும். அதாவது கேனுக்குள் இருப்பது தட்டுக்குத் தேவையானதைவிட 170 மடங்கு வீரியமானது. அரை சதவீதத்தில் கை நனைந்தால் கழுவிக்கொள்ளலாம். 85 சதவீதம் தோலில் பட்டால் வெந்துவிடும், கண்ணில் பட்டால் பார்வை போகலாம், உள்ளே போனால் தொண்டையும் உணவுக்குழாயும் வெந்து, பிறகு இரத்தம், சிறுநீரகம் என்று வரிசையாகக் கெடும். அதன் ஆவியை மூடிய ஷெட்டுக்குள் இழுத்தாலே நெஞ்சு இறுகும். பார்வைக்குத் தண்ணீர். வாசம் மட்டும்தான் காட்டிக்கொடுக்கும், அதுவும் மூடி திறந்தால்தான்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். எத்தனை பேருக்குக் கண் போனது என்று நாமெல்லாம் பதறினோம். மெத்தனால் எப்படிக் கண்ணைக் கெடுக்கிறது தெரியுமா? உடம்பின் உள்ளே அது கடைசியில் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் செய்து பார்வை நரம்பைச் சாகடிப்பது அந்த அமிலம்தான். தமிழ்நாட்டையே உலுக்கிய மெத்தனால், உடம்புக்குள் போய் எதுவாக ஆகிறதோ அது எங்கள் வீட்டுப் பலகையில் குளிர்பான பாட்டிலில் இருக்கிறது.

*

என் சித்தப்பா நல்ல மனுசன். நான் ப்ளஸ் டூ லீவில் அவருக்கு ஷீட் அடிக்கக் கூடமாட நிற்பேன். முதல் நாள் ஆசிட் கையில் தெறித்தது. சுரீர் என்றது. கத்தினேன்.

"லேய், அது எறும்பு கடிச்சது மாதிரிதான் இருக்கும். ரெண்டு மாசத்துல கைக்குப் பழகிப்போகும். எனக்க கையப் பாரு."

பார்த்தேன். விரல் நுனிகள் வெடித்திருந்தன. நகங்கள் பழுப்பேறி, ஓரம் உதிர்ந்திருந்தன. புறங்கையில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. பழகிப்போன கை என்றால் அதுதான்.

எறும்பு என்று அவர் சொன்னது தற்செயலாக உண்மையும்கூட. லத்தீனில் ஃபார்மிகா என்றால் எறும்பு. 17-ஆம் நூற்றாண்டில் ஜான் ரே என்ற ஆங்கிலேயர் எறும்புகளைக் காய்ச்சி வடித்து இந்த அமிலத்தைக் கண்டதால் வந்த பெயர். மாமரத்தில் ஏறினால் முசிறு கடித்துவிட்டுப் பின்பக்கத்தால் பீய்ச்சுமே, அந்த எரிச்சல் இதுதான். ஆனால் முசிறிடம் இருப்பது மிகமிகச் சிறிய அளவு. எறும்புக்கடியோடு கேனை ஒப்பிடுவது தீக்குச்சியைக் காட்டிக் காட்டுத்தீயைப் பற்றிப் பேசுவது.

2011 மே மாதம். அந்த வருடம் ரப்பர் விலை அதுவரை யாரும் காணாத உச்சத்தில் இருந்தது. ஊரே சந்தோசத்தில் இருந்தது. சித்தப்பா கடையிலிருந்து சில்லறையாக ஆசிட் வாங்கி வருவார். கடைக்காரர் பெரிய கேனிலிருந்து, நாம் கொண்டுபோகிற பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பார். அன்றைக்குக் கொண்டுபோனது ஆரஞ்சுக் குளிர்பான பாட்டில். வாங்கி வந்தவர் ஃபோன் வந்ததென்று திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். அவர் மகள், என் தங்கச்சி, அப்போது ஏழு வயசு. வெயிலில் விளையாடிவிட்டு ஓடி வந்தவள் எடுத்து ஒரு மடக்கு குடித்துவிட்டாள்.

ஒரே ஒரு மடக்கு. பாதியைத் துப்பிவிட்டாள். அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. அதை வர்ணிக்க மாட்டேன். பாட்டி ஓடி வந்து, விசம் குடித்தால் வாந்தி எடுக்க வைக்கணும் என்று, உப்புத்தண்ணீரை வாயில் விட்டு விரலையும் விட்டாள். அந்தக் கிழவி அறிந்த ஒரே வைத்தியம். ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, "வாந்தி எடுக்க வெச்சீங்களா?" ஆமாம் என்றதும் அவர் முகம் மாறியது. போகும்போது ஒரு தடவை வெந்தது, திரும்பி வரும்போது இன்னொரு தடவை வெந்திருக்கு என்றார்.

பிழைத்துக்கொண்டாள். ஆனால் ஆறின புண் உணவுக்குழாயைச் சுருக்கிவிட்டது. குழாய் விட்டு அதை விரிக்க எத்தனையோ தடவை போய்வந்தார்கள். இப்போது வேலைக்குப் போகிறாள், நன்றாக இருக்கிறாள். கல்யாண வீடுகளில் எல்லோரும் எழுந்த பிறகும் அவள் இலை முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பாள். அவ்வளவுதான். அதைப் பார்க்காத மாதிரி சித்தப்பா பந்தலுக்கு வெளியே போய் நிற்பார்.

யார் தப்பு? கடைக்காரரா? பாட்டில் நாங்கள் கொண்டுபோனது. சித்தப்பாவா? ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் வாங்கினார்கள். பாட்டியா? அவளுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. இப்படி ஒவ்வொருவராக விலக்கிக்கொண்டே வந்தால் கடைசியில் 'விதி' மட்டும் மிஞ்சும். எனக்கு அதில் சம்மதமில்லை. பாட்டில் விதியால் திண்ணைக்கு வரவில்லை.

*

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். 2013 ஜூலையில், லட்சுமி வழக்கில், உச்ச நீதிமன்றம் ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது. வாங்குபவர் புகைப்பட அடையாள அட்டை காட்ட வேண்டும், எதற்கு என்று சொல்ல வேண்டும், 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக்கூடாது, கடைக்காரர் வாங்குபவரின் பெயர் முகவரியோடு பதிவேடு வைத்திருக்க வேண்டும். அதே வருடம்தான் இந்திய தண்டனைச் சட்டத்தில் ஆசிட் வீச்சுக்கென்றே 326ஏ, 326பி பிரிவுகள் வந்தன. பெண்கள் முகத்தில் வீசப்பட்ட ஆசிட்டுக்கு எதிராக, அந்தப் பெண்களே போராடி வாங்கிய நியாயம் அது. அதன் மேல் எனக்கு முழு மரியாதை உண்டு.

ஆனால் அந்தச் சட்டம் ஆசிட்டை ஆயுதமாகப் பார்க்கிறது. யார் வாங்கினார், எதற்கு வாங்கினார் என்று கேட்கிறது. எதில் வாங்கினார் என்பது அதன் முதல் கவலை இல்லை. ஒருவன் இன்னொருத்தி மேல் எறிந்தால் அது செய்தி, விவாதம், கவிதை. தினமும் காலையில் ஒரு மனுசனின் விரலை அது தின்றால் அது 'தொழில்'.

சரி, தொழில் என்றால் தொழிலாளர் சட்டம் வரணுமே? 1951-ஆம் வருடத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் போட்ட கோடு 5 ஹெக்டேர், 15 ஆட்கள். அதற்குக் கீழே இருந்தால் அந்தச் சட்டத்தின் கணக்கில் தோட்டமே இல்லை என்றிருந்தது. ஒரு ஏக்கர் விளையில் பங்குக்கு வெட்டுகிறவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். இந்த ஆசிட்டையே ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தோல் பதனிடவும் சாயம் பிடிக்க வைக்கவும் பயன்படுத்துகிறார்கள். அங்கே ஆலை என்று ஒரு கட்டடம் உண்டு, ஆய்வாளர் என்று ஒருவர் வரவாவது வழி உண்டு. எங்கள் ஆலை வீட்டுக் கொல்லையில் இருக்கிறது. ஆய்வுக்கு வருவது கோழிகள்தான்.

*

இதையெல்லாம் ஊரில் பேசினால் எனக்குக் கிடைக்கிற பதில்களை நான் மனப்பாடமாகச் சொல்வேன்.

ஒன்று, பழகிப்போகும். தோல் பழகாது. செத்த தோல் தடித்துப்போகும், உணர்ச்சி குறையும். வலி தெரியவில்லை என்பதற்குக் காயம் இல்லை என்று அர்த்தமில்லை. கண்ணுக்கு அந்தத் தடிப்பும் கிடையாது. இருபது வருடம் ஆசிட்டோடு பழகியவரின் கண்ணும் முதல் நாள் வந்த பையனின் கண்ணும் ஒரே கண்தான்.

ரெண்டு, 'இது ஆர்கானிக் ஆசிட் சார், கெமிக்கல் இல்ல.' இதை ஒரு படித்த கடைக்காரர் என்னிடம் சொன்னார். வேதியியலில் ஆர்கானிக் என்றால் கரிமச் சேர்மம், அவ்வளவே. இயற்கை உரம், நாட்டுக்காய்கறி என்கிற அர்த்தமே அதற்கு இல்லை. மெத்தனாலும் ஆர்கானிக்தான்.

மூணு, விலை. 'ரப்பருக்கே விலை இல்லாத காலத்துல கையுறைக்கு எங்க போக?' இந்த வாதத்துக்கு நான் மரியாதை கொடுக்கிறேன், ஏனென்றால் இதில் பசி இருக்கிறது. ஆனால் 2024 ஆகஸ்டில் ஷீட் விலை கிலோ 240 ரூபாயைத் தாண்டியதே, அப்போது எத்தனை ஷெட்டில் கையுறை வந்தது? 2011-லும் விலை இருந்தது. அந்த வருடம்தான் என் தங்கச்சி குடித்தாள். விலை ஏறும்போது பைக் வந்தது, மாடி வந்தது, ஷெட்டுக்குக் கண்ணாடி வரவில்லை. உலகத்துக்கே கையுறை செய்யப் பால் கொடுக்கிறவர்கள் நாங்கள். கொரோனா காலத்தில் ஒரு ஜோடிக் கையுறைக்கு உலகமே அலைந்தது. பாலை எடுத்தவர் வெறுங்கையோடு ஆசிட் கலக்கிக்கொண்டிருந்தார். இதைவிடக் கசப்பான ஒரு விஷயம் எனக்குத் தெரியாது.

நாலு, 'நகரத்துல உக்காந்து விவசாயிக்குப் பாடம் எடுக்காத.' இதை ஊர்க்காரர்கள் சொல்வதைவிட என் இலக்கிய நண்பர்கள்தான் அதிகம் சொல்கிறார்கள். உழைப்பாளியைக் குறை சொல்லக்கூடாதாம், அவர் வாழ்வறிவை மதிக்கணுமாம். மதிக்கிறேன். எந்த மரத்தில் எந்த ஆழத்துக்குக் கத்தி போகணும் என்பது என் சித்தப்பாவின் அறிவு. தொழிற்சாலையில் செய்து கேனில் வந்த 85 சதவீத ஆசிட்டைப் பற்றி அவருக்குப் பரம்பரை அறிவு எங்கிருந்து வரும்? அது கேனோடு வந்திருக்க வேண்டிய அறிவு. நான் பார்த்த கேன்களில் அது ஆங்கிலத்தில் இருந்தது. ஒரு கையின் மேலும் ஓர் இரும்புத் துண்டின் மேலும் திரவம் சொட்டுகிற படம், அரித்துவிடும் என்பதற்கான உலக அடையாளம், அதுவும் ஓரமாக இருந்தது. ஆனால் கேன் கடையிலேயே நின்றுவிடுகிறது. எங்கள் வீட்டுக்கு வருவது ஆரஞ்சுப்பழம் படம் போட்ட பாட்டில்.

*

இதை வாசிக்கிற யாராவது ஒருவர் வீட்டில் அந்த பாட்டில் இருக்கும். அதனால் இலக்கியத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, கேனோடு வந்திருக்க வேண்டியதை இங்கே எழுதிவிடுகிறேன்.

குடிக்கிற, தின்கிற பொருள் வந்த பாத்திரத்தில் ஆசிட்டை ஒருபோதும் ஊற்றாதீர்கள். அது வந்த கேனிலேயே, மூடி இறுக்கி, பூட்டுப் போட்ட இடத்தில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல், ஆனால் உங்கள் கண் மட்டத்துக்கு மேலே போகாமல் வையுங்கள். உயரத்தில் வைத்தால் எடுக்கும்போது முகத்தில்தான் விழும். மேலே தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். முழங்கை வரை வரும் தடித்த ரப்பர் கையுறையும் பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடியும் இல்லாமல் கேனைத் திறக்காதீர்கள். காற்றோட்டமான இடத்தில், முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, மெதுவாகத் திறங்கள். பள்ளியில் கெமிஸ்ட்ரி வாத்தியார் தலையில் குட்டிச் சொன்னதுதான்: தண்ணீரில் ஆசிட்டை விடணும், ஆசிட்டில் தண்ணீரை விடக்கூடாது. அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் அளவுக் குவளை வைத்துக்கொள்ளுங்கள், அதை வேறெதற்கும் எடுக்காதீர்கள். பால் கெடாமல் இருக்கச் சேர்க்கிற அமோனியாவையும் இதே பயத்தோடு தொடுங்கள், ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள்.

தோலில் பட்டால், நனைந்த துணியைக் கழற்றிவிட்டு, ஓடுகிற தண்ணீரில் குறைந்தது இருபது நிமிடம் காட்டுங்கள். இருபது நிமிடம் என்பது நீங்கள் நினைப்பதைவிட நீளம், கடிகாரத்தைப் பாருங்கள். சுண்ணாம்பு, எண்ணெய், பற்பசை, மஞ்சள் எதுவும் வேண்டாம். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து அதே இருபது நிமிடம், பிறகு நேரே ஆஸ்பத்திரி. குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத்தண்ணீர், முட்டை, சோடாமாவு என்று எதையும் உள்ளே விடாதீர்கள். வாயைக் கொப்பளிக்க வைத்துவிட்டு உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், பாட்டிலையும் கூடவே எடுத்துப் போங்கள். இந்த நாலு வரி 2011-ல் எங்கள் பாட்டிக்குத் தெரிந்திருந்தால் தங்கச்சியின் தொண்டை ஒரு தடவையோடு தப்பியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆகணும். ஷெட்டில் பூட்டில்லாமல் கிடக்கிற ஆசிட் குழந்தைகளுக்கு மட்டும் ஆபத்து இல்லை. மனசு உடைந்துபோன ஒரு ராத்திரியில் கைக்கு எட்டுகிற தூரத்தில் அது இருக்கிறது. கேரளத்து மருத்துவர்கள் 1985-லேயே அப்படி வந்த 53 நோயாளிகளைப் பற்றி ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். 'சாகணும்னு நெனைக்கிறவன எப்படித் தடுக்க முடியும்?' என்று கேட்கிறவர்கள் இலங்கையைப் பார்க்கலாம். அங்கே கொடிய பூச்சிமருந்துகளை 1990-களிலிருந்து ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே வந்தது. அந்த நேரத்தில் கைக்கு எட்டவில்லை என்றால் அந்த நேரம் கடந்துபோகிறது, ஆள் மிஞ்சுகிறார். ஒரு பூட்டின் விலை நூறு ரூபாய். இதை வாசிக்கும்போது உங்களுக்கே மனசு கனத்தால் 104 அல்லது 14416-ஐக் கூப்பிடுங்கள், தமிழில் பேசலாம்.

*

என் கோரிக்கைகள் பெரியவை இல்லை. சில்லறையாகப் பாட்டிலில் ஊற்றி விற்பது நிற்கணும். சிறு விவசாயிக்கு அரை லிட்டர், ஒரு லிட்டர் அளவில், குழந்தை திறக்க முடியாத மூடியோடு, தமிழில் எச்சரிக்கை அச்சிட்ட அடைத்த பாட்டில்களில் கிடைக்கணும். அதைவிட நல்லது, வீரியம் குறைத்த கரைசலாகவே சங்கங்கள் வழியே கொடுப்பது. 85 சதவீதம் ஒவ்வொரு வீட்டுத் திண்ணைக்கும் வரத் தேவையே இல்லை. தூக்கிச் சுமக்கிற செலவு கூடும் என்பார்கள். கூடட்டும். இப்போது அந்தச் செலவை ஏழு வயசுப் பிள்ளைகளின் தொண்டை சுமக்கிறது. செடிக்கு மானியம், மழைமறைப்புக்கு மானியம் என்று பேசுகிற எல்லா மேடையிலும் கையுறையும் கண்ணாடியும் அந்தப் பட்டியலில் வரணும். ஆள் வைத்து வெட்டுகிறவர் கத்தி வாங்கிக் கொடுப்பது மாதிரி இதையும் வாங்கிக் கொடுக்கணும்.

எழுதுகிற, வாசிக்கிற நண்பர்களிடம் கேட்பது வேறு. நாம் பள்ளியில் ஃபார்மிக் அமிலத்தின் வாய்ப்பாட்டை எழுதி மார்க் வாங்கினோம். வீட்டுக்கு வந்து ஷெட்டில் 'ஆசிட்' பக்கத்தில் நின்று ஷீட் அடித்தோம். ரெண்டும் ஒன்று என்று பல வருடம் எனக்குத் தோன்றவே இல்லை. புத்தகத்துக்கு ஒரு தமிழும் ஷெட்டுக்கு ஒரு தமிழும் இருந்தால் நடுவில் பிள்ளைகள் விழுவார்கள். அந்த ரெண்டையும் சேர்த்து வைப்பது எழுதுகிறவன் வேலை என்று நினைக்கிறேன். பனிமூட்டத்தை எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. பலகையில் இருக்கிற பாட்டிலையும் எழுதுங்கள் என்கிறேன்.

நண்பரின் படத்தைப் பார்த்த அன்றைக்கு ராத்திரியே சித்தப்பாவுக்கு ஃபோன் போட்டேன். இத்தனைக்குப் பிறகும் பலகையில் அந்த பாட்டில் எப்படி வந்தது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"கேனு பூட்டித்தான் இருக்கு மக்களே. வெட்டுக்கு வாற பையன் நாலு நாளைக்கு உள்ளத ஊத்தி வெச்சான். நான் பாக்கேல்ல."

அவன் எங்கே கற்றான் என்று கேட்டேன்.

"எங்கிட்டத்தான்," என்றார்.

மறுநாள் போனேன். சித்தப்பா அந்தப் பையனைப் பக்கத்தில் நிற்க வைத்து, கையுறை போட்டு, பாட்டிலில் இருந்ததைக் கேனுக்கே திருப்பி ஊற்றினார். பாட்டிலைக் கழுவி, கத்தியால் ரெண்டாக அறுத்துப் போட்டார். பையன் சிரித்துக்கொண்டே, "இதுக்குப் போயி இவ்வளவா அண்ணே?" என்று என்னிடம் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. தங்கச்சி வீட்டுக்குள்ளே இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவனை உள்ளே கூட்டிப்போய் அவள் எதிரே உட்கார வைத்து, சித்தி அவனுக்கும் ஒரு தட்டு வைத்தாள். அவன் சாப்பிட்டு முடித்தான். அவள் முடிக்கவில்லை. அதன் பிறகு அவன் ஒன்றும் கேட்கவில்லை.

நீங்கள் அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஷெட்டுக்குள் ஒரு முறை போய்ப் பாருங்கள். படம் எடுப்பதற்கு முன்னால்.